காக்ஸ் டவுன் அங்கிளின் சிவப்பு வண்டி

அந்த வண்டியை வாங்குவதற்கு வெகுநாள் முன்பிருந்தே எனக்கு அதைப் பார்த்துப் பழக்கம். அப்போது காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தேன். வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காபியோடு பால்கனியில் நிற்கும்போது, அடுத்த தெருவிலிருந்து அந்தச் சிவப்பு வண்டி திரும்பி வரும். இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக் கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். நம் நாட்டிலேயே ஒரு சின்ன நிறுவனம் கொஞ்ச காலம் செய்துவிட்டு நிறுத்திக்கொண்ட வண்டி அது. ஓட்டுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி, பட்டுப் புடவையில், தலைமுடி பறக்காமல் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, மடியில் பைபிளோடு. சர்ச்சுக்குப் போகிறார்கள். தெருவில் நடப்பவர்கள் ஒதுங்கி வழிவிட்டால் அவர் ஸ்டீரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்வார்.

எனக்கு அந்த விரல் பிடித்திருந்தது. வாழ்க்கையில் எதையாவது அவ்வளவு சாவகாசமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றும்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் அந்த வண்டி வருவது நின்றுவிட்டது. கணவனும் மனைவியும் ஆட்டோவில் சர்ச்சுக்குப் போனார்கள். சில வாரம் கழித்து, அலுவலக பஸ்ஸுக்கு நடந்துபோகையில், அவர்கள் வீட்டு கேட்டில் வண்டி விற்பனைக்கு என்று ஒரு அட்டை தொங்குவதைப் பார்த்தேன். அன்று முழுக்க வேலையில் மனம் நிற்கவில்லை. சொந்த ஊரான குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குக் கார் என்றால் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பது. நானோ ஒரு பழைய ஸ்கூட்டியும், ஓட்டிப் பழகாத கார் லைசென்ஸும் வைத்திருந்தவள். ஆனாலும் மாலையில் திரும்பி வரும்போது அந்த கேட்டைத் தட்டினேன்.

"ஹஸ்பண்ட் வரலையா மா?" என்று கேட்டார் அவர்.

"எனக்குத்தான் அங்கிள். கல்யாணம் ஆகல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு முன் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவன் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பெரிய ஸ்பீக்கர் வைக்கப் போவதாகச் சொன்னானாம். இன்னொருவர் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னாராம். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார். என்னிடம் சாவியைக் கொடுத்து, "ஓட்டு, பாக்கலாம்" என்றார்.

முதல் திருப்பத்திலேயே இன்ஜின் அணைந்துவிட்டது. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரோ தன் பக்கம் பிரேக்கே இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

ஆன்ட்டிதான் எனக்காகப் பேசினார். "கொடுத்துடுங்க. பக்கத்துத் தெருலதான் இருக்குது இந்தப் பொண்ணு. வண்டியும் பக்கத்துலயே இருக்கும்."

அதைக் கேட்டதும் அவர் முகம் இளகிப்போனது. விற்க முடிவு செய்த பிறகு முதல்முறையாக அவருக்கு யாரோ நல்ல சேதி சொன்னது போல.

ஏன் விற்கிறார் என்று அன்று எனக்குத் தெரியாது. பேப்பர்களில் கையெழுத்துப் போட்ட பிறகு, அவர் உள்ளே போயிருந்தபோது ஆன்ட்டி சொன்னார். கண்ணில் பிரஷராம். நேரே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும், செய்தித்தாளில் பொடி எழுத்துகூடப் படிப்பார். ஆனால் இரண்டு பக்கமும் இருப்பது மறைந்துவிட்டது. சுருட்டிய காகிதத்தின் வழியாகப் பார்ப்பது மாதிரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொட்டு மருந்து போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், போனது வராது. முதலில் கேட் தூணில் இடித்திருக்கிறார். பிறகு பன் விற்பவரின் சைக்கிளை உரசிவிட்டார். சாவியை ஆன்ட்டி வாங்கி ஒளித்து வைத்துவிட்டார்.

"அவரு நல்லாத் தெரியுதுன்னுதான் சொல்வாரு மா," என்றார் ஆன்ட்டி. "தெரியாததுதான் தெரியாதுன்னே தெரியலையே அவருக்கு."

வண்டி வாங்கிய செய்தியை போனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "ரெண்டு சீட்டுன்னா நாங்க வந்தா எங்கடி உக்கார்றது?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அந்த முதல் வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கூரைத்துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வழி இருந்தது. வெளியே தூறல் விழுந்தால் உள்ளே என் வலது தோளில் சொட்டும். அலுவலகத்துக்கு மாற்றுச் சட்டையோடு போவேன். வேகத்தடைகளில் வண்டியின் வயிறு உரசும் சத்தம் என் பல்லில் கேட்கும். மாரத்தஹள்ளியில் நெரிசலில் நின்றால் சூடு ஊசி ஏறிக்கொண்டே போகும். இன்ஜின் சூட்டை இறக்க நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, மே மாத வெயிலில், வேர்வையில் குளித்தபடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் பைக்கில் நிற்கிற பையன்கள் பொறாமையோடு பார்ப்பார்கள்.

நீலசந்திராவில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். குறுகிய சந்தில் தகரக் கொட்டகை. வண்டி உள்ளே போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வர முடியாது. அவர் முதல் தடவை பானட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இன்னா மேடம், சோப்பு டப்பா மாரி கீது. உள்ள இன்ஜின் கீதா?"

உடம்பு முழுக்க ஃபைபர் என்பதால் அப்படி. உதிரி பாகம் எதுவும் கடையில் கிடைக்காது. செய்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியிருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு எந்த வண்டியின் பாகம் பொருந்தும் என்று அவர் ஒன்றுக்கு நாலு தடவை மாட்டிப் பார்ப்பார். பாதி தடவை பொருந்தாது. பொருந்தாததையும் பொருத்தி அனுப்பிவிடுவார். இரண்டாம் வாரம் அது கழன்றுவிடும். "இது வண்டியில்ல மேடம், கொழந்த. அழுதா தூக்கிக்கினு வா," என்பார். நானும் தூக்கிக்கொண்டு போனேன். கிட்டத்தட்ட எல்லாச் சனிக்கிழமையும் அந்தக் கொட்டகையில் ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்து கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் அங்கிளுக்கானவை. அது அப்படி ஆனது எப்படி என்று யோசித்தால், முதலில் அவர் என் வீட்டு கேட்டருகே வந்து நின்றதுதான் ஞாபகம் வருகிறது. சர்ச்சிலிருந்து நேராக, கோட்டுகூடக் கழற்றாமல்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் மா. தார்ப்பாய் சரியா மூடியிருக்கானு பாத்துட்டுப் போலாம்னு."

அடுத்த வாரம் சும்மா இன்ஜின் சத்தம் கேட்க வந்தார். அதற்கடுத்த வாரம் நானே, "ஒரு ரவுண்ட் போலாமா அங்கிள்?" என்றேன். ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று தெருமுனைவரை ஓட்டமும் நடையுமாகப் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு தொப்பிகள்.

பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸகோட்டே வரைக்கும் போவோம். அங்கே ஒரு ஓட்டலில் தட்டு இட்லியும் காபியும். கூரை மடித்திருந்தால் காற்றில் பேச முடியாது. போகும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் என் ஓட்டுதலைப் பார்க்கப் பயந்து மூடுகிறார் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, சத்தத்தை மட்டும் வைத்து அவர் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கியர் மாற்ற வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் கை தொடைமேல் அசையும்.

திரும்பி வந்தால் ஆன்ட்டியின் சாப்பாடு. தேங்காய்ச் சாதமும் கைமா உருண்டைக் குழம்பும். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு ஆகிப்போனது. அவர்களின் மகன் மெல்பர்னில் இருந்தான். அவன் போன பிறகு, தொழிற்சாலை வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு அந்தக் காசில் அங்கிள் வாங்கிய வண்டி அது. "வீட்ல ரெண்டே பேரு, ரெண்டு சீட்டு போதும்னாரு," என்று ஆன்ட்டி சொல்லிச் சிரிப்பார். என்னை அவர்கள் மகள் போல நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படியெல்லாம் அவர்கள் பேசவும் இல்லை. ஆனால் வேலையில் நான் திட்டு வாங்கிய வாரங்களில், ஞாயிறு வந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு இருந்தது. பெங்களூரில் அப்படி எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கும் மேலே ஓடியது.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய ஒரு ஞாயிறு. ஹொஸகோட்டே ரோடு தோண்டிப் போட்டிருந்ததால் வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு வழியில் திரும்பினோம். அங்கே புதிதாக ஒரு லேஅவுட் போட்டிருந்தார்கள். வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. எல்லைக் கற்கள் நட்ட மனைகளுக்கு நடுவே, யாரும் ஓட்டாத கரும் தார் ரோடுகள் நீள நீளமாகக் கிடந்தன. அங்கிள் கண்ணைத் திறந்தார்.

"எவ்ளோ நல்லா ரோடு போட்டிருக்கான் பாரு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கேட்கவில்லை. பின்னாளில் நான் இதை மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அவர் கேட்கவில்லை என்பது நிச்சயம். நான்தான் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"வேணாம் மா," என்றார். உடனே சொல்லவில்லை. என்னை, பிறகு ரோட்டை, பிறகு மறுபடி என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"யாருமே இல்லை அங்கிள். ஒரே ரவுண்ட்."

"ஆன்ட்டிக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப் போறா?"

அவர் ஓட்டுகிற இருக்கைக்குப் போனார். இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டார். தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வண்டி கிளம்பியபோது எனக்கு முதலில் தோன்றியது, இது வேறு வண்டி என்பதுதான். எனக்குக் கீழே எப்போதும் முனகிக்கொண்டும் உதறிக்கொண்டும் வந்த அதே இயந்திரம், அவர் கையில் ஒரே மூச்சாக இழுத்துக்கொண்டு போனது. கியர் விழுவதே தெரியவில்லை. திருப்பங்களில் நான் கதவைப் பிடிக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை, பேசவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. இன்னொன்று என்று நானே கையைக் காட்டினேன். வேகம் கூடியது. கடைசி நீளமான ரோட்டில், இடது ஓரமாக, தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். கட்டட வேலைக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறவளாக இருக்க வேண்டும். எனக்கு அவள் தூரத்திலேயே தெரிந்தாள். அவருக்கும் தெரியும் என்று நினைத்தேன். வண்டி மெல்ல இடது பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. அவள் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் கண்கள் நேரே, ரோட்டின் முடிவில் இருந்தன.

"அங்கிள்," என்று கத்தி, ஸ்டீரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன்.

வண்டி அவளைத் தாண்டி ரோட்டைக் குறுக்காக வெட்டி, மறுபுறம் அடுக்கியிருந்த சிமெண்டுக் குழாய்களில் போய் மோதி நின்றது. என் வலது மணிக்கட்டு டேஷ்போர்டில் அடிபட்டது. எலும்பு போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது. ஆனால் வலி வர நேரமாயிற்று. திரும்பிப் பார்த்தேன். குடம் உருண்டு கிடந்தது. அந்தப் பெண் ஈரத் தாரில் உட்கார்ந்திருந்தாள். வண்டி அவளைத் தொடவில்லை. பயத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிள் இறங்கி அவளிடம் போனார். நானும் போனேன். அவள் எங்களைத் திட்டவில்லை. அவரை அண்ணாந்து பார்த்து, கோபம்கூட இல்லாமல், கன்னடத்தில் கேட்டாள்.

"கண்ணு காண்சல்வா?"

கண் தெரியாதா என்று எந்த ஓட்டுநரைப் பார்த்தும் யாரும் கேட்கிற கேள்விதான். அவர், "காண்சல்லம்மா," என்றார். தெரியாதம்மா. அதை அவர் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவள் என்ன நினைத்தாளோ, எழுந்து, குடத்தை எடுத்து நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர் பிடிக்கத் திரும்பிப் போனாள். ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டதற்குக் கையை வீசி மறுத்துவிட்டாள்.

வைட்ஃபீல்டில் ஒரு கிளினிக்கில் எனக்கு மாவுக்கட்டு போட்டார்கள். ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அவர் என் ஹேண்ட்பேகைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஏதேதோ சொன்னேன். ஒன்றும் ஆகவில்லையே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று. அவர் கேட்டது போலவே இல்லை.

ஆன்ட்டி கேட்டிலேயே நின்றிருந்தார். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. என் கட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முதல் கேள்வியே, "யாரு ஓட்டினது?" என்பதுதான்.

"இவதான்," என்றார் அங்கிள். "லேடி ஒருத்தி குறுக்க வந்துட்டா."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஒரு கணம்தான். "ஆமா ஆன்ட்டி," என்றேன். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. சொல்லப்போனால், அவருக்கு என்னால் ஒன்று செய்ய முடிந்ததே என்றுகூட இருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி என் பேகை ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அன்று நான் அங்கே சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. வண்டி நீலசந்திராவில் இருந்தது, அதனால் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு நானே போனேன். ஆன்ட்டி கதவைப் பாதி திறந்து, "தூங்கறாரு மா," என்றார். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை போனபோது குளிக்கிறார் என்றார். தண்ணீர் விழும் சத்தமில்லை. நான் படியிறங்கும்போது ஆன்ட்டி பின்னாலேயே கேட்டுவரை வந்தார்.

"உன்மேல தப்புன்னு சொல்லல மா. ஆனா கொஞ்சம் பாத்து ஓட்டு. அவரு வயசானவரு."

"சரி ஆன்ட்டி," என்றேன். நான் ஓட்டவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். இனி அந்த வீட்டுக்குள் என்னால் போகவே முடியாது என்று நினைத்துச் சொல்லாமல் வந்தேன். சொல்லாமல் இருந்தும் போக முடியவில்லை.

வண்டியின் முன்பக்கம் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருந்தது. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். தகரம் என்றால் தட்டி எடுத்துவிடலாம், இதை என்ன செய்ய என்றார். கடைசியில் ஏரிப் படகுகளும் பூங்காச் சறுக்குகளும் செய்கிற ஃபைபர் பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்தோம். மாதக்கணக்கில் அங்கே, ஒரு அன்னப்பறவைப் படகுக்குப் பக்கத்தில், என் வண்டி மூக்கில்லாமல் கிடந்தது. திரும்பி வந்தபோது முன்பக்கச் சிவப்பு வேறு, பின்பக்கச் சிவப்பு வேறு. ஓட்டினேன். ஆனால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஹொஸகோட்டேக்குத் தனியாக ஒரு தடவை போனேன். காபி ஆறுவதற்குள் திரும்பிவிட்டேன்.

அங்கிளை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அருகில் பார்த்தேன். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில், மீன்கடைகளுக்கு வெளியே. கையில் துணிப்பையோடு மெதுவாக நடந்து வந்தார். நான் அவருடைய இடது பக்கம், கை எட்டும் தூரத்தில், நின்றுகொண்டிருந்தேன். அவர் நேராகப் பார்த்தபடி என்னைத் தாண்டிப் போனார். நடை மாறவில்லை, தலை திரும்பவில்லை. பார்க்கவில்லையா, பார்க்க விரும்பவில்லையா, எனக்குத் தெரியவில்லை. நாலு எட்டு வைத்து அவர் முன்னால் போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். முன்னால் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியுமே. எனக்குக் கால் வரவில்லை. பார்த்தும் பார்க்காமல் போகிறார் என்றால் அதை நேருக்கு நேராகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அவர் கூட்டத்தில் மறையும்வரை நின்றுவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குப் போனேன்.

அந்த வருஷக் கடைசியில் அவர்கள் மகனிடம் மெல்பர்னுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. வண்டியை மைசூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி வாத்தியாருக்கு விற்றேன். அவர் இரண்டு சிவப்பையும் பார்த்துவிட்டு எங்கே இடித்தீர்கள் என்று கேட்டார். "நான் இடிக்கலை சார்," என்றேன். அதுதான் அந்த விஷயத்தை நான் ஒருவரிடம் உள்ளபடி சொன்ன முதல் தடவை, அதுவும் முன்பின் தெரியாதவரிடம்.

எனக்குக் கல்யாணமாகி வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக்கு வந்த பிறகு, பல வருஷம் கழித்து, ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது. பழைய வீட்டுக்காரம்மாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். வீட்டை விற்க வந்திருப்பதாகவும், ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்றும் சொன்னார். போனேன். சாமான்களெல்லாம் கட்டி வைத்திருந்த கூடத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஆன்ட்டி இளைத்திருந்தார். அங்கிள் முந்தைய வருஷம் மெல்பர்னிலேயே காலமாகிவிட்டார் என்று சொன்னார். எனக்கு முன்பே யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாராம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு அவருதான் ஓட்டினாருன்னு எனக்குத் தெரியும் மா."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கேட்டப்பவே தெரியும். பொய் சொன்னா அவரு தரையப் பாப்பாரு. உனக்குக் கை ஒடைஞ்சிருந்துது. நீயும் அவருக்காக ஆமான்னு சொன்ன. எனக்கு அதுவும் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் ஆன்ட்டி, என்கிட்ட பாத்து ஓட்டுன்னு சொன்னீங்க?"

"அவரு ஜன்னல்கிட்ட நின்னு கேட்டுக்கினு இருந்தாரு மா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடைஞ்சிடுவாருன்னு நெனச்சேன். நான் நம்பினதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். ஆன்ட்டி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில இருந்தப்பதான் சொன்னாரு. நான்தான் ஓட்டினேன், அந்தப் பொண்ணு மேல பழி போட்டுட்டேன்னு. எனக்கு அப்பவே தெரியும்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே, நான் போயி அவளப் பாத்திருப்பேனேன்னாரு."

எனக்குக் கோபம் இருந்ததே இல்லை என்று அப்போது ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் பொய் சொன்ன அந்த நொடியில்கூட இல்லை, அதற்குப் பிறகும் இல்லை என்று. அதைச் சொல்ல வேண்டியது அங்கிளிடம். அவருக்கு அது தெரியாமலே போய்விட்டது. மார்க்கெட்டில் அன்று அவர் முன்னால் போய் நின்றிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆன்ட்டிக்கு மார்க்கெட் விஷயம் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அந்த வயதில் அவருக்கு இன்னொரு பாரம் எதற்கு என்று இருந்தது. வெளியே வந்த பிறகுதான் நினைத்தேன், மறுபடியும் அதையே செய்திருக்கிறேன் என்று.

கிளம்பும்போது ஆன்ட்டி கேட்டார். "வண்டி எங்க இருக்குது இப்போ?"

"மைசூர்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன் ஆன்ட்டி."

"ஓடுதா?"

"தெரியல."

"விசாரிச்சுப் பாரு," என்றார். மைசூர்க்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது. வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு குரல் சொன்னது. ஆன்ட்டி மெல்பர்னுக்குத் திரும்புவதற்கு முன் போன் செய்து, வண்டி நன்றாக ஓடுவதாகச் சொன்னேன்.